இறையழைத்தலா, வெறும் ஆசையா?

கேள்வி: கல்லூரி இறுதியாண்டில் படிக்கிறேன். கன்னியர் மடத்தில் சேரும் எண்ணம் ஓராண்டாக மனத்தில் இருக்கிறது. பெற்றோர் தயங்குகிறார்கள். இது உண்மையான அழைத்தல்தானா என்று எப்படி அறிவது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்பு மகளே, இதை நீ இன்றே முடிவுசெய்தாக வேண்டியதில்லை. திருச்சபைச் சட்டப்படி நவதுறவகப் பயிற்சி, அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய துறவுப் பயிற்சி, குறைந்தது 12 மாதங்கள். அதன்பின் எடுக்கும் தற்காலிக வார்த்தைப்பாடு (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலோடு வாழ்வதாகத் தரும் வாக்குறுதி) குறைந்தது 3 ஆண்டுகள் நீடிக்கும். 21 வயது நிறையாமல், வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடு இல்லை. அன்னை தெரேசா 1928இல் தம் 18ஆம் வயதில் லொரேட்டோ சபையில் சேர்ந்து, 1937இல்தான் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். இந்த நீண்ட காலம், நீ சபையையும் சபை உன்னையும் அறிந்துகொள்வதற்காகவே தரப்படுகிறது.

திருமணத்துக்கோ வீட்டுச் சிக்கலுக்கோ அஞ்சி மடத்தை நாடுகிறாயா என்பதை மட்டும் ஒளிவின்றிக் கேட்டுப்பார். அச்சத்தில் பிறந்த முடிவு உள்ளே சென்றபின் பெருஞ்சுமையாகிவிடும் என்பதே என் கவலை. மனம் வறண்டிருக்கும் வேளையில், தெளிவான வேளையில் எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்தார். ஆகவே நம்பிக்கையான ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் தவறாமல் பேசு. கல்வி, மருத்துவம், வெளியுலகத் தொடர்பைக் குறைத்துக்கொண்ட அடைபட்ட மடத்தின் செபவாழ்வு எனச் சபைக்குச் சபை பணி வேறுபடுவதால், சில இல்லங்களில் தங்கிப் பார். முடிந்தால் பெற்றோரையும் அழைத்துச் சென்று அங்குள்ள அருட்சகோதரிகளோடு பேசவை.