மினிவேனின் மூன்றாவது வரிசையில் குழந்தைகள் வசதியாக உட்கார முடியுமா?

கேட்டிருப்பவருக்கு மூன்று குழந்தைகள். மினிவேன் வாங்கும் யோசனையில் இருக்கிறார். கடைசி வரிசையில் பிள்ளைகளை ஏற்றினால் நீண்ட பயணத்தில் அவர்களுக்கு வசதியாக இருக்குமா, இல்லை பெரியவர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் இடத்தில் அவர்களைத் தள்ளிவிடுகிறோமா என்பது அவருடைய கவலை.

எங்கள் வீட்டிலும் மூன்று பேர். இப்போது 13, 10, 5 வயது. ஐந்து வருடமாக மினிவேனில்தான் போய்வருகிறோம். பெரிய பிள்ளைகள் இருவரும் மாறி மாறி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அங்கே பல மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன். நான் பார்த்தவரை, குழந்தைக்கு அங்கே இடம் தாராளமாகப் போதும். வாங்கும்போது நாம் முழங்காலையும் கூரையையும்தான் அளந்து பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு வரும் தொந்தரவு அந்த அளவுகளில் அகப்படுவதில்லை.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மினிவேனின் தரை தாழ்வானது, கடைசி வரிசைவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும். உயரமான எஸ்யூவி பலவற்றில் கடைசி வரிசைக்குக் கீழே தரை மேடேறிவிடும், உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்து நிற்கும். மினிவேனில் தரையிலிருந்து சீட் நல்ல உயரத்தில் இருப்பதால் அந்தச் சங்கடம் குறைவு. சீட்டின் இரண்டு பக்கமும் சக்கரத்தின் மேடு இருப்பதால் அகலம் கொஞ்சம் குறையும். பெரியவர்கள் மூன்று பேர் என்றால் தோள் இடிக்கும், பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. என் மகள் அந்த மேட்டின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் வருவாள்.

இனி கால். இதை நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை. பெரியவர்களுக்கு நல்லது என்று சொன்னேனே, தரையிலிருந்து சீட் நல்ல உயரத்தில் இருப்பது, அதுதான் சிறு பிள்ளைக்குத் தொல்லை. பாதம் தரையைத் தொடாமல் தொங்கும். அரை மணி நேரம் பொறுத்துக்கொள்வார்கள். அப்புறம் தொடையின் அடியில் சீட் விளிம்பு அழுத்த ஆரம்பிக்கும். கால் மரத்துப்போகிறது என்று சொல்ல அந்த வயதில் தெரியாது. நெளிவார்கள், முன்சீட்டை உதைப்பார்கள், கடைசியில் முழங்கால் விளிம்பில் மடங்கும்வரை இடுப்பை முன்னால் நகர்த்திச் சரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை நின்ற இடத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தபோது என் மகன் அப்படித்தான் கிடந்தான். முதுகு பாதி சீட்டில், கழுத்து மடங்கி, இடுப்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றின் மேல் ஏறி, தோள் பட்டை தாடையில் உரசிக்கொண்டிருந்தது. உதைக்காதே என்று அதுவரை இரண்டு தடவை அதட்டியிருந்தேன். அவன் சேட்டை செய்யவில்லை, கால் வைக்க இடம் தேடியிருக்கிறான்.

இது சௌகரியத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. மோதல் நடந்தால் பெல்ட் இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டும். வயிற்றின் மேல் இருந்தால் உள்ளுறுப்புகளைத்தான் அழுத்தும். அதனால்தான் சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் தேவை என்கிறார்கள். சட்டப்படியான அளவு நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் 135, சில இடங்களில் 150. உயரத்தை அளப்பதோடு நிறுத்தாமல் பிள்ளையை உட்கார வைத்தும் பாருங்கள். முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கும்போதே முழங்கால் விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்ப்பட்டை தொடையின் மேற்பகுதியில் படிய வேண்டும். மேல்பட்டை கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் போக வேண்டும். போகிற வழி முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்க முடிய வேண்டும். இரண்டாம் வரிசையில் பூஸ்டர் இல்லாமல் பெல்ட் சரியாகப் பொருந்துகிற பிள்ளைக்குக் கடைசி வரிசையில் பொருந்தாமல் போகலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். மடித்துத் தரைக்குள் புதைக்க வேண்டும் என்பதால் கடைசி சீட்டின் மெத்தை பல வண்டிகளில் சற்றுக் குட்டையாக இருக்கும். முழங்கால் மடங்க அது பிள்ளைகளுக்கு உதவுகிறது. எங்கள் வண்டியில் காலுக்கடியில் தடிமனான, வழுக்காத ஒரு ஃபோம் மணையை வைத்தோம். உதைப்பது அன்றோடு நின்றது.

பயணத்தையே கெடுக்கக்கூடியது குமட்டல். உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது அவ்வளவாக வருவதில்லை. அதற்குப் பிறகு 12 வயதுவரை அதிகம். உடல் ஆடுவதை உள்காது உணர்கிறது, கண்ணுக்கு முன்னால் தெரிவது அசையாத சீட்டின் முதுகு. இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோதுதான் வயிறு புரள்கிறது. கடைசி வரிசையில் இது கூடுகிறது. உட்காருகிற இடம் பின்சக்கரத்தின் மேலேயோ அதை ஒட்டியோ இருப்பதால் மேடு பள்ளத்தில் அங்கேதான் தூக்கிப்போடும், திருப்பத்தில் பின்பக்கம் வீசுவதும் அங்கேதான் தெரியும். சின்னச் சின்ன அதிர்வுகளைவிட, ஏறக்குறைய 5 நொடிக்கு ஒருமுறை வரும் மெதுவான ஆட்டம்தான் குமட்டலை அதிகம் கிளப்பும். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் அப்படிப்பட்ட ஆட்டம் நிறைய வரும். போதாததற்குச் சிறு பிள்ளையின் கண்மட்டத்துக்கு முன்சீட்டின் முதுகு மட்டும்தான் தெரியும், சாலை தெரியாது.

என் மகனுக்கு அப்போது 6 வயது. மலையேறிக்கொண்டிருந்தோம். வழியெல்லாம் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தவன் அமைதியாகிவிட்டான். டேப்லெட்டில் படம் பார்க்கிறான், நல்லதுதான் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "அம்மா, தம்பி கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கான்" என்றாள் மகள். திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவனிடம் போக முடியாது. கை நீட்டினாலும் எட்டாது. கவர் கொடுக்கக்கூட வழியில்லை. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் வாந்தியெடுத்துவிட்டான். துடைப்பது ஒரு பக்கம். அவன் பயந்துபோய், "சாரிம்மா, சாரிம்மா" என்று அழுததுதான் எனக்கு ஆறவே இல்லை.

பேச்சு நிற்பது, அடுத்தடுத்துக் கொட்டாவி, முகம் வெளுப்பது, குளிர்ந்த வியர்வை. இவற்றைப் பார்த்தவுடன் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அன்றிலிருந்து ஓடும் வண்டியில் அவனுக்குத் திரையும் இல்லை, புத்தகமும் இல்லை. கேட்கிற கதை, பாட்டு, பேச்சு மட்டும்தான். தலையை ஹெட்ரெஸ்ட்டில் சாய்த்து வைக்கச் சொல்வோம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ வெறும் வயிற்றோடோ ஏற்றமாட்டோம். கவர்கள் இப்போது அவன் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கும். மாத்திரை கொடுப்பதானால் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அடிக்கடி குமட்டல் வருகிற பிள்ளையை மலைப்பாதையில் இரண்டாம் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முடியாதென்றால் கடைசி வரிசையின் நடு சீட்டை முயன்று பார்க்கலாம். இரண்டாம் வரிசை தனித்தனி கேப்டன் சீட்டாக இருந்தால் நடுவில் நடைபாதை இருக்கும். நடு சீட்டிலிருந்து அந்த வழியாக முன்கண்ணாடிவரை பார்வை போகும், சாலை தெரியும். என் மகன் 8 வயதில் அக்காவோடு பின்னால் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டபோது அங்கேதான் உட்கார வைத்தோம். சமவெளிச் சாலையில் இதுவரை ஒரு தடவைகூட வாந்தி வரவில்லை. ஆனால் நடு சீட் குறுகலானது. 60க்கு 40 என்று மடிகிற சீட்டில் இரண்டு பாதியும் சேரும் இணைப்பு அதை ஒட்டியே வரும், கொஞ்சம் கடினமாக இருக்கும். பெல்ட்டும் பல வண்டிகளில் கூரையிலிருந்து இறங்கும். அதில் இரண்டு உலோக நாக்கு, அவற்றை மாட்ட இரண்டு பக்கிள். இரண்டையும் மாட்டினால்தான் பிடிமானம். உங்கள் பூஸ்டர் அங்கே ஆடாமல் உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காற்றும் வெயிலும் இதோடு சேர்ந்தவை. கடைசி வரிசையின் பக்கக் கண்ணாடி பல மினிவேன்களில் கீழே இறங்காது. சிலவற்றில் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விலகும், அவ்வளவுதான். அதனால் கூரையிலோ பக்கத்திலோ உள்ள ஏசி துளையை நம்பித்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. முன்னால் நமக்குக் குளிர்ந்துவிட்டதே என்று ஃபேனைக் குறைத்துவிடுவோம். பின்கண்ணாடி வழியாகப் பிடரியில் வெயில் விழுகிற பிள்ளைக்கு அப்போதுதான் குளிர ஆரம்பித்திருக்கும். பின்பக்க ஏசிக்குத் தனி ஃபேன் விசை இருக்கிறதா, முன்னாலிருந்தே அதை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்குத் திரை கட்டாயம் வேண்டும், உள்ளேயே வரும் இழுப்புத் திரை இருந்தால் இன்னும் நல்லது. துளை பிள்ளையின் முகத்தை நோக்கி நேராக ஊதினால் அதனாலும் தலைவலி வரலாம், கொஞ்சம் மேலே திருப்பிவிடுங்கள்.

சத்தமும் பின்னால் இருக்கும் பிள்ளையை நம்மிடமிருந்து தூரமாக்கிவிடும். டயரின் இரைச்சல், பின் ஃபேனின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து, வேகமாகப் போகும்போது கடைசி வரிசையிலிருந்து கூப்பிடுவது முன்னால் கேட்பதில்லை. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளை விட்டுவிடும். டொயோட்டா சியென்னாவில் 2015 மாடலிலும் ஹோண்டா ஒடிஸியில் 2018 மாடலிலும், ஓட்டுபவர் பேசுவது பின்வரிசை ஸ்பீக்கரில் கேட்கும் வசதி வந்தது. நமக்குத் தொண்டை மிச்சம். ஆனால் நம் குரல்தான் பின்னால் போகிறது, பிள்ளையின் குரல் முன்னால் வருவதில்லை. பின்வரிசையைத் திரையில் காட்டும் கேமராவும் சில வண்டிகளில் உண்டு. தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொள்ள அது உண்மையிலேயே உதவும். எங்கள் வண்டியில் இரண்டுமே இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவோம்.

யார் பின்னால் உட்காருவது என்பதற்கு எங்கள் கணக்கு இது. கைக்குழந்தையும், நாம் பெல்ட் மாட்டிவிட வேண்டிய வயதுப் பிள்ளையும் இரண்டாம் வரிசையில். கடைசி வரிசையில் குனிந்து சைல்டு சீட்டை இறுக்குவது முதுகை ஒடிக்கிற வேலை, இறுக்கம் குறைந்தாலும் தெரியாது. மூன்றாம் வரிசையில், சைல்டு சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லா இடத்துக்கும் இருக்காது, சில வண்டிகளில் ஒன்றுகூட இருக்காது. வாங்குமுன் வண்டியின் கையேட்டில் எந்தெந்த சீட்டில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் மூன்றாம் வரிசைவரை நீள்கிறதா என்பதும் அதிலேயே இருக்கும். தானே ஏறி, தானே பெல்ட் மாட்டி, அவசரத்தில் தானே கழற்றத் தெரிந்த பிள்ளைதான் பின்னால் போகலாம். மடித்து வைத்த ஹெட்ரெஸ்ட்டைப் பிள்ளை உட்காருமுன் நிமிர்த்த வேண்டும், இது அடிக்கடி மறந்துபோகும். டிக்கியில் சாமானைச் சீட்டின் உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம். பிரேக் அடித்தால் அது வந்து விழுவது இவர்கள் தலையில்தான்.

வண்டி பார்க்கப் போகும்போது பிள்ளைகளையும் அவர்களுடைய பூஸ்டரையும் கூட்டிப் போங்கள். சைல்டு சீட்டை இரண்டாம் வரிசையில் மாட்டிவிட்டு, பெரிய பிள்ளையைப் பின்னால் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பெல்ட்டைத் தானே போடட்டும். பல வண்டிகளில் பக்கிள் சீட்டுக்குள் புதைந்திருக்கும், பூஸ்டர் வைத்தால் சின்ன விரல் உள்ளே போகாது. ஓட்டிப் பார்க்கும்போது ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் கடைசி வரிசையில் பிள்ளையோடு உட்காரட்டும். அரை மணி நேரமாவது, முடிந்தால் மேடு பள்ளமும் திருப்பமும் உள்ள சாலையில். தலையைப் பிள்ளையின் தலை மட்டத்துக்குத் தாழ்த்தி என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

எங்கள் பெரியவளுக்கு இப்போது கடைசி வரிசையின் ஜன்னலோரம்தான் வேண்டும். அது தன் அறை மாதிரி இருக்கிறதாம். சின்னவள் பின்னால் போக வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். பக்கிளை ஒரு கையால் அழுத்திக் கழற்ற இன்னும் வரவில்லை. வண்டி வீட்டில் நிற்கும்போது அக்காவை வைத்துக்கொண்டு பழகிக்கொண்டிருக்கிறாள்.