குரல் கரகரப்பு ஒன்றரை மாதமாகப் போகவில்லை. யாரைப் பார்ப்பது? ஆபரேஷன் வருமா?

கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஒன்றரை மாதமாகக் குரல் கம்மிப்போயிருக்கிறது, மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை இரண்டு முறை முடித்தும் சரியாகவில்லை, வலியும் காய்ச்சலும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். போனதும், "என் குரல் நாண்களை ஸ்கோப் போட்டுப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குரல் நாண்கள் என்பவை தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு பட்டைகள், ஸ்கோப் என்பது அவற்றை எட்டிப் பார்க்கும் விளக்குக் கருவி. சளி பிடித்து வரும் தொண்டைக்கட்டு இரண்டு வாரத்தில் தானாக இறங்கிவிடும். நாலு வாரம் தாண்டியும் கரகரப்பு இருந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. உங்களுக்கு அது தாண்டிவிட்டது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் நாலு மாதத்துக்கு மேல் வீணாக்கினேன். நானும் டீச்சர்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, 5-ஆம் வகுப்பு, 46 பிள்ளைகள். பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் பாடம் கேட்காது. ஓர் ஆடி மாதம் தொண்டை கட்டியது. சளி போனது, கரகரப்பு போகவில்லை. மூன்று இடம் போனேன். ஓரிடத்தில் ஆன்டிபயாட்டிக், இன்னோரிடத்தில் வயிற்று அமிலத்துக்கு மாத்திரை, மூன்றாவது இடத்தில் அலர்ஜி மாத்திரை. மூன்று இடத்திலும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் தெரிவது உள்நாக்கும் டான்சிலும்தான். குரல் நாண்கள் நாக்கின் அடிவேருக்கும் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. நேராகப் பார்த்தால் தெரியாது. கார்த்திகை பிறந்த பிறகுதான் ஒருவர் அவற்றை எட்டிப் பார்த்தார்.

அந்தப் பரிசோதனையை நினைத்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன். தொண்டையில் மரத்துப்போக ஒரு ஸ்பிரே அடித்தார். வேப்பங்கொழுந்து மாதிரி கசப்பு. இரண்டு நிமிடத்தில் எச்சில் விழுங்குவதே தெரியவில்லை. நாக்கை நீட்டச் சொல்லி, ஒரு துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நுனியில் விளக்கு வைத்த நீளமான கம்பியை உள்ளே விட்டார். "ஈன்னு இழுத்துச் சொல்லுங்கம்மா" என்றார். நாக்கு அவர் கையில் இருக்கும்போது ஈ எங்கே வரும்? ஏதோ ஒரு சத்தம் வந்தது, அதுவே போதுமாம். ஈ சொல்ல முயலும்போது குரல்வளைமேல் இருக்கும் மூடி முன்னால் நகர்ந்து வழிவிடுகிறது. குமட்டியது, ஆனால் வலிக்கவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குமட்டல் தாங்காதவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய வளையும் குழாய் விட்டும் பார்ப்பார்கள்.

திரையைத் திருப்பிக் காட்டினார். இளம் தேங்காய்க் கீற்றுப் போல வெள்ளை வெளேரென்று இரண்டு பட்டைகள். மூச்சை இழுத்தால் விரிகின்றன, குரல் கொடுத்தால் சேர்கின்றன. இரண்டிலும் ஒரே இடத்தில், நேருக்கு நேராக, அரிசி நொய் அளவில் ஒரு மேடு. "இதுதாம்மா உங்க கரகரப்பு. கைல காய்ப்பு காய்க்கும் பாருங்க, அது மாதிரி" என்றார். குரல் நாண் காய்ப்பு, அவர்கள் சொல்லும் பெயர் நாடியூல். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் இல்லை, கடைசியில் கண்ணால் பார்த்துவிட்டோமே என்ற நிம்மதியில்.

நாம் பேசும்போது அந்த இரண்டு பட்டைகளும் காற்றின் வேகத்தில் ஒன்றோடொன்று மோதி மோதி விலகுகின்றன. பெண்கள் குரலில் நொடிக்குச் சுமார் 200 முறை, ஆண்களுக்கு அதில் ஏறக்குறையப் பாதி. ஒரு நாளில் சுத்தமாக இரண்டு மணி நேரம் குரல் ஓடினாலே 14 லட்சம் மோதலுக்கு மேல் ஆகிவிடுகிறது. நம்முடைய குரல் நாணின் நீளமோ ஒன்றரை சென்டிமீட்டர் சுமார்தான். கத்தும்போது மோதல் அதிகமாக விழும் இடத்தில், முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, தோல் தடிக்கிறது. தடித்தால் பட்டைகள் முழுதாகச் சேராது. நடுவில் ஒட்டி, முன்னும் பின்னும் இடைவெளி விட்டு, உடுக்கை மாதிரி நிற்கும். அந்த இடைவெளியில் காற்று கசியும். கசியும் காற்றை ஈடுகட்ட நாம் இன்னும் அழுத்திப் பேசுவோம், இன்னும் தடிக்கும். நான் நாலு மாதம் செய்தது இதைத்தான்.

வீட்டிலேயே ஒன்று கவனிக்கலாம். சத்தமாகக் கூப்பிட்டால் குரல் வரும், ஆனால் மெதுவாக, உயர்ந்த சுருதியில் ஒரு தாலாட்டு பாடிப் பாருங்கள். நாணில் தடிப்பு இருந்தால் அந்த மெல்லிய மேல் சுரங்கள்தான் முதலில் காற்றாகப் போகும். இது சந்தேகத்தைக் கிளப்பும் அறிகுறி மட்டும்தான், ஸ்கோப்புக்கு மாற்று ஆகாது.

குரல்வளையை இப்படிப் பார்க்கும் வழியைப் பரப்பியவர் ஒரு பாட்டு வாத்தியார் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மானுவல் கார்சியா, ஸ்பெயின் நாட்டுக்காரர். 1854-இல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நீண்ட பிடி போட்ட குட்டிக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிக்கையாகக் கொடுத்தார். இப்போது பெரிய மருத்துவமனைகளில் ஸ்ட்ரோபோஸ்கோப் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் வேகமாகச் சுற்றும் ஃபேன் சில நேரம் மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியும் அல்லவா? அதே தந்திரம். நாண்களின் அதிர்வுக்குச் சற்றே விலகிய வேகத்தில் விளக்கை மினுக்கினால், 200 முறை அடிப்பது அலை அலையாக மெதுவாகத் தெரியும். எந்த இடம் விறைத்திருக்கிறது என்று அதில் கண்டுபிடிப்பார்கள்.

அப்புறம் கைவைத்தியம். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, எல்லாம் நானும் சாப்பிட்டேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. தொட்டால் அதற்குப் பெயர் புரையேறுவது. தண்ணீர் குடித்தால் நல்லது என்பதும் உடம்பு முழுக்க ஈரம் ஏறி, நாணுக்கும் அது போய்ச் சேர்வதால்தான். நாணை நேராகத் தொடுவது மூச்சு மட்டும், அதனால் வெறும் நீராவி பிடிக்கலாம். அதிமதுரத்தை மாதக்கணக்கில் வாயில் அடக்கிக்கொள்ளாதீர்கள். அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் தவற விடக் கூடாது. எல்லாக் கரகரப்பும் காய்ப்பு இல்லை. என் பெரியப்பா நாற்பது வருடம் பீடி குடித்தவர். குரல் கம்மியதைப் பனிக்காலத் தொண்டை என்று தள்ளிப்போட இருந்தார். என் அனுபவத்துக்குப் பிறகு நான் சண்டை போட்டு அழைத்துப் போனேன். ஒரு பக்க நாணில் மட்டும் வெள்ளைத் திட்டு, சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். ஆபரேஷன் இல்லாமல் கதிர்வீச்சிலேயே சரியானது. குரல் நாணில் வரும் புற்றுநோய் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் சின்ன மாற்றம் வந்தாலே குரல் மாறும். அந்த எச்சரிக்கையை மாத்திரை போட்டு மறைக்கலாமா?

பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள், கழுத்தில் கட்டி தெரிபவர்கள், சளியில் ரத்தம், விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதுவலி, மூச்சிரைப்பு, காரணமில்லாமல் உடல் இளைப்பு இருப்பவர்கள் நாலு வாரமும் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசநோய் குரல்வளையையும் பிடிக்கும். அரசு மருத்துவமனையில் அந்தச் சோதனை இலவசம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிக்கும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போனால் நரம்பைப் பார்க்க வேண்டும். இடப்பக்க நாணை அசைக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரல் கோளாறுகூடச் சில நேரம் குரலில்தான் முதலில் தெரியும். பார்த்தால்தானே எது என்று தெரியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை, ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திக்குவாய்க்காரர்களுக்கும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும்தானே அது என்று நினைத்தேன். குரலும் அவர்கள் படிப்பில் ஒரு முக்கியப் பாடம். மைசூரில் 1965 முதல் பேச்சுக்கும் செவித்திறனுக்கும் என்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் தெரபிஸ்ட் இருப்பார்கள், விசாரியுங்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயிற்சி தந்த தெரபிஸ்ட் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னை ஒரே மூச்சில் "ஆ" சொல்லச் சொல்லி நேரம் பார்த்தாள். பெரியவர்கள் 15 நொடியாவது தாக்குப்பிடிப்பார்கள், எனக்கு 7 நொடியில் நின்றது. பிறகு பாடம் நடத்துவது போலப் பேசச் சொன்னாள். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்க மூச்சு தீர்ந்த பிறகும் பேசிட்டே இருக்கீங்க" என்றாள். இருபது வருடமாக யாரும் சொல்லாத ஒன்று. வாக்கியத்தின் கடைசி நாலைந்து சொற்களை நான் கழுத்தை இறுக்கித்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே தெரிந்தது.

முதல் பயிற்சி ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும். ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, "ஊ" என்று குரல் கொடுத்தபடியே குமிழி விட வேண்டும். குமிழி ஒரே சீராக வர வேண்டும், கன்னம் உப்பக் கூடாது, கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது. காற்றுக்கு முன்னால் ஒரு தடை இருப்பதால் பின்னழுத்தம் உண்டாகி, நாண்கள் அடித்துக்கொள்ளாமல் மெத்தென்று சேரப் பழகுகின்றன. முதல் நாள் குமிழி விட்டு விட்டு வந்தது. பத்தாம் நாள் ஒரு பாட்டின் மெட்டையே அதில் இழுக்க முடிந்தது. பிறகு "ம்ம்" என்ற முனகல், உதட்டிலும் மூக்கிலும் அதிர்வு தெரியும்படி. அதிலிருந்து மா, மாமா, மாமரம் என்று சொல்லுக்கு நகர்த்தினாள். வாரம் ஒரு முறை, எட்டு வாரம். வீட்டில் தினமும் நாலு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம்.

செருமுவதை எண்ணச் சொன்னாள். முதல் நாள் 63 கோடு விழுந்தது. ஒவ்வொரு செருமலும் இரண்டு நாண்களையும் அறைந்துகொள்வதற்குச் சமம். செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர், அல்லது எச்சிலை அழுத்தி விழுங்குவது. குரல் போன நாட்களில் நான் குசுகுசுவென்று பேசிச் சமாளித்தேன், அதையும் நிறுத்தினாள். அழுத்திக் குசுகுசுத்தால் தொண்டைத் தசைகள் இன்னும் இறுகும். மெதுவான சாதாரணக் குரலே மேல்.

வகுப்பிலும் மாற்றினேன். "அமைதி!" என்று கத்துவதை விட்டுவிட்டு மூன்று தட்டுக் கைதட்டல் வைத்தேன், பிள்ளைகள் இரண்டு தட்டு பதிலுக்குத் தட்டி அமைதியாகிவிடுவார்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதில்லை. இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரும் காதோர மைக்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கினேன். சக ஆசிரியர்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள். நம் குரல்தான் நம் சம்பளம், அதற்கு ஒரு கருவி வாங்குவதில் என்ன கூச்சம்?

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கோப். வலப்பக்க மேடு காணவில்லை, இடப்பக்கம் கடுகளவு. "ஆ" 16 நொடி வந்தது.

உங்களுக்கு ஆபரேஷன் வருமா என்பதைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. என்னுடையது போன்ற காய்ப்பு என்றால் முதல் வைத்தியம் பயிற்சிதான். பேசும் விதம் மாறாமல் வெட்டி எடுத்தால் திரும்ப வளரலாம். ஒரு பக்கம் மட்டும் தொங்கும் சிறு சதை (பாலிப்), நீர்க்கட்டி போன்றவற்றுக்கு வாய் வழியாகவே நுண்ணோக்கி வைத்துச் செய்யும் ஆபரேஷன் தேவைப்படலாம். கழுத்தில் தழும்பு விழாது, அதற்குப் பின்னும் பயிற்சி உண்டு.

போகும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், குமட்டும். சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதிக்கொண்டு போங்கள், ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், சில இன்ஹேலர்கள் குரலை மாற்றும். குரல் நன்றாக இருந்த நாளில் போனில் பதிவான வீடியோ ஏதாவது இருந்தால் அதையும் காட்டுங்கள். ஸ்பிரே அடித்த பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். என்ன தெரிந்தது என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.