அப்பாயியின் கைநாட்டு

வணக்கம் ஐயா,

போன பங்குனியில் எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) காலமானார். தொண்ணூறை ஒட்டிய வயது. ஏழு பிள்ளைகள், பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன்கள் என்று பெரிய குடும்பம். கொட்டும் வேட்டுமாகக் கல்யாணச் சாவாகவே எடுத்தோம். வருசத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடுவதென்று பேசி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரிடமும் எழுதி வாங்கினேன். எல்லாம் ஒரே மாதிரி: அன்பின் சிகரம், அயிரை மீன் குழம்பு, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நான் அறிந்த அப்பாயி முகம் சுளித்தவர்தான். கூடப்பிறந்த ஒரே தம்பியோடு 1978இலிருந்து கடைசிவரை பேசவில்லை. அந்த வருசம் எங்கள் பெரிய அத்தை கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. அதுதான் காரணம் என்பார்கள். சாவுக்கும் அந்தத் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, வரவில்லை, அவர் மகன்கள் கோடித்துணி கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததும் அத்தை ஒப்பு வைத்து அழுதார். அந்தக் கல்யாணக் கதை முழுக்க அதில் வந்தது.

அப்பாயியின் தகரப் பெட்டியில் கொஞ்சம் அம்மன் காசு இருந்தது. 1961இல் அவர் அப்பா இறந்தபின், 1963இல் நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தம்பிக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம், கைநாட்டோடு இருந்தது. பழைய அறிவொளி (எழுத்தறிவு வகுப்பு) நோட்டு ஒன்றும் இருந்தது, பக்கம் பக்கமாக அவர் பெயர். இதையெல்லாம் மலரில் எழுதுகிறேன் என்றேன். “செத்த மனுசி பேரக் கெடுக்காத” என்கிறார் அத்தை. எழுதுவது தப்பா?

ம.,
புதுக்கோட்டை மாவட்டம்

*

அன்புள்ள ம.,

எழுதுங்கள். உங்களுக்கு வந்த கட்டுரைகளில் உள்ள பாசம் உண்மையானது, அவற்றையும் போடுங்கள். ஆனால் அவை அத்தனையும் அப்பாயியிடம் பிள்ளைகள் பெற்றதைச் சொல்கின்றன. அப்பாயிக்கு என்ன வேண்டியிருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. அது அந்தத் தகரப் பெட்டியில் இருக்கிறது.

அந்தப் பத்திரத்தை ஒரு இழப்பின் அடையாளமாக மட்டும் பார்க்காதீர்கள். மகன் இருக்கும் வீட்டில் மகளுக்குத் தகப்பன் நிலத்தில் பங்கு கிடையாது என்பதே நெடுங்கால வழக்கம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சட்டம் வர இன்னும் 27 ஆண்டுகள் ஆயின. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு, பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு உரிய பாகத்தில் ஒரு பங்கு என்று ஆனது.

உங்கள் கொள்ளுத் தாத்தா இறந்தது 1961இல். அவர் பத்து வருசம் முன்னால் போயிருந்தால், உங்கள் அப்பாயியைப் பதிவு அலுவலகத்துக்கு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். விட்டுக்கொடுக்க ஒன்று இருந்ததால்தான் விரலில் மை தடவினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி ஒரு பங்கு இருந்தது என்பதற்கு அந்தக் கைநாட்டே சாட்சி. மலரில் அப்பாயியின் படத்துக்கு அடுத்த பக்கத்தில் அதைப் போட வேண்டும் என்பேன்.

அவர் ஏன் விட்டுக்கொடுத்தார்? நம் பக்கத்துக் குடும்பங்களில் இதற்கு ஒரு பேசாத ஒப்பந்தம் உண்டு. அக்காள் தங்கைகள் நிலத்தைக் கேட்க மாட்டார்கள். பதிலுக்குப் பிறந்த வீடு அவர்களுக்கு ஆயுள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பொங்கல் சீர், பிள்ளைகளுக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கடைசியில் கோடி வரை கூடப்பிறந்தவன் வந்து நிற்க வேண்டும். இதில் எதுவும் பத்திரத்தில் ஏறாது. நிலத்தைக் கொடுத்ததற்கு முத்திரைத்தாளும் சாட்சிக் கையெழுத்தும் உண்டு, அதற்கு ஈடாக வர வேண்டியதற்கு ஊர்ப்பேச்சு ஒன்றுதான் காவல்.

இந்தக் கண்ணோடு 1978ஐப் பாருங்கள். சீர்த்தட்டு வரவில்லை என்பதற்காகத் தம்பியை ஒதுக்கிய வீம்புக்காரியாக எனக்கு அவர் தெரியவில்லை. தன் பங்கு நிலத்தை எழுதிக்கொடுத்தவர், அதற்கு ஈடாக வர வேண்டியது தன் மூத்த மகள் மணவறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வராமல் போனதைப் பார்த்தவர். அவர் போக வழக்குமன்றம் இல்லை. மகள்களுக்கும் பிறப்பிலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தபோதும், அதற்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்களை அது சேர்க்கவில்லை. பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. அதை நாற்பது வருசத்துக்கு மேல் விடாமல் செய்திருக்கிறார். அந்தக் கோபத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது.

இது என் ஊகம். சரிதானா என்று சொல்ல வேண்டியவர் உங்கள் அத்தை. அவர் ஒப்பு வைத்ததைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். ஒப்பாரியில் புகழ்ச்சி மட்டும் இருப்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாத கூடப்பிறந்தவன், தாங்காத புகுந்த வீடு, எட்டாமல் போன மருந்து என்று எல்லாக் கணக்கும் பந்தலில் எல்லோர் முன்னும் சொல்லப்படும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாயியின் வாழ்க்கை வரலாற்றை முதலில் சொன்னது உங்கள் அத்தைதான், நீங்கள் இரண்டாவது ஆள். அவரோடு உட்கார்ந்து அன்று பாடியதை எழுதி வாங்கப் பாருங்கள். சாதாரண நாளில் ஒப்பாரி சொல்லப் பல பெண்கள் தயங்குவார்கள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வற்புறுத்தாமல், வீட்டுக்கு வெளியே எங்காவது கேளுங்கள்.

அவருடைய தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த அவமானம் நடந்தது அவர் மணவறையில். பாடியது காற்றோடு போகும், அச்சில் வந்தால் அவருடைய மருமகள்கள் படிப்பார்கள். அதனால் கல்யாணத்தைப் பற்றி எழுதும் பகுதியை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். பத்திரத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

அறிவொளி நோட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 8.86 விழுக்காடு. உங்கள் அப்பாயி அப்போது பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணாக இருந்திருப்பார். நாற்பது வருசம் கழித்து, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ராத்திரியில் தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் தொண்டர்கள் வகுப்பு எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றதும் அந்த வேகத்தில்தான். அந்த இயக்கம் முக்கியமாகத் தேடியது 45 வயதுக்கு உட்பட்டவர்களை. உங்கள் அப்பாயிக்கு ஐம்பதுக்கு மேல். அவராகப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுதக் கற்றதும் பக்கம் பக்கமாகத் தன் பெயரையே எழுதியிருக்கிறார். இனி ஒரு பத்திரத்தில் விரலை வைக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, நமக்குத் தெரியாது. ஆனால் யாரோடு போனார், யார் சொல்லிக்கொடுத்தார், தாத்தா என்ன சொன்னார் என்று அந்தத் தெருவில் விசாரிக்கலாம். அன்று சொல்லிக்கொடுத்த இளைஞர்கள் இன்று ஐம்பதுகளில் இருப்பார்கள்.

கடைசியாக அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக்காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு அதைத் தானமாகக் கொடுப்பார்கள். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அப்படியானால் அந்தக் காசு அப்பாயியின் சிறுவயதிலிருந்தோ அவருக்கு முந்தியவர்களிடமிருந்தோ வந்திருக்கலாம். எப்படி வந்தது என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லோரும் அவரை அம்மாவாகவோ அப்பாயியாகவோதான் பார்த்திருக்கிறீர்கள். பாவாடை கட்டிய பிள்ளையாக அவரைப் பார்த்தவர் இப்போது சின்னத் தாத்தா ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அவரைப் போய்ப் பாருங்கள், திவசத்துக்கு முன்பே. மகன்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ‘எங்க அப்பாயி சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படித் தாத்தா இருப்பாக’ என்று ஆரம்பியுங்கள். அவர் பேசுகிறவரை பேசட்டும். முதல் தடவை போகும்போது பத்திரத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

அன்புடன்.