‘ஃபாண்ட்லி’ என்று எழுதிய மகன்

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் மகன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தட்டை, ‘அம்மா’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கி, ‘ஃபாண்ட்லி’ (fondly) என்று முடிகிறது. அகராதியில் அதற்கு ‘முட்டாள்தனமாக’ என்றும் ஒரு பழைய பொருள் இருக்கிறது. ‘லவ்’ என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லையா? ஆங்கிலம் நன்றாக வரட்டும் என்று, வீட்டில் தமிழே பேசக் கூடாதெனக் கண்டித்து வளர்த்தேன். அதற்கு இதுதானா மரியாதை?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, சொல்லின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் ‘ஃபாண்ட்’ என்பது பேதைமையையும் குறித்தது. பாசத்தால் புத்தி மயங்குகிறவரைச் சொல்லிச் சொல்லி, நாளடைவில் பேதைமை தேய்ந்து பாசம் நின்றது. ‘பெற்ற மனம் பித்து’ என்கிறோமே, அதைக் கேட்டு எந்தத் தாயாவது கோபப்படுகிறாளா? நடவாததை நம்பிக் காத்திருப்பவரை ‘ஃபாண்ட்லி ஹோப்’ என்று எழுதும்போது மட்டும் பழைய வாடை இன்னும் வீசும். கடித முடிவில் அது ‘பாசத்துடன்’ என்பதே. ‘லவ்’ அளவுக்கு நெருக்கமானதல்ல, சற்றுப் பழைய பாணியும்கூட. ஆனால் அலுவலகக் கடிதத்து ‘ரிகார்ட்ஸ்’ (regards) போல வறண்டதல்ல.

என்னை உறுத்துவது, தமிழே பேசக் கூடாதெனக் கண்டித்ததாக நீங்கள் போகிற போக்கில், அதுவும் பெருமையாக எழுதியிருக்கும் வரிதான். இதே முறையீட்டை எத்தனையோ தாய்மார்கள் எனக்கு எழுதிவிட்டார்கள். ‘காலம் அப்படி’ என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860இல் டர்பனில் கரைசேர்ந்த பிறகு, கரும்புத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்தவர்கள்கூடத் தம் பிள்ளைகளிடம் தமிழில்தான் கொஞ்சினார்கள், தமிழில்தான் திட்டினார்கள். அவர்கள் விடாமல் காத்ததை, பள்ளி மதிப்பெண்ணுக்காக உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு, இன்று அவனுடைய ஆங்கிலத்தில் பாசம் எத்தனை பலம் என்று நிறுத்துப் பார்க்கிறீர்களே, இது நியாயமா? பிள்ளைக்குச் சோறும் படிப்பும் கொடுப்பது போலவே மொழியைக் கொடுப்பதும் பெற்றவர் கடமை என்று நம்புகிறவள் நான். அத்தனை கண்டிப்புக்கும் தப்பி அவனிடம் மிஞ்சியிருக்கும் ஒரே தமிழ்ச் சொல் ‘அம்மா’. ஆங்கில எழுத்தில் எழுதினான் என்றால், தமிழ் எழுத்தை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அகராதியை மூடிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குப் போன் செய்யுங்கள். அட்டை வந்தது, சந்தோஷம் என்று தமிழில் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் தமிழிலேயே பேசுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சொல்லட்டும். நீங்கள் தமிழை விடாதீர்கள்.