தொடர் படம் எடுக்க லட்ச ரூபாய் கேமரா வேண்டுமா?

கேள்வி: தம்பி ஸ்கேட்போர்டு பழகுகிறான். வந்து, தாவி, இறங்கும் ஒரே ஓட்டத்தில் அவன் ஐந்தாறு இடங்களில் தெரிவதுபோல ஒரு படம் செய்ய ஆசை. என்னிடம் இருப்பது கேனான் 200டி மார்க் 2. நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா இல்லாமல் இது நடக்காது என்று கடைக்காரர் லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றாக ஒட்டுவதுதான் இந்த வேலை. உங்கள் கேமரா நொடிக்கு 5 படம் எடுக்கும். தம்பி மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வந்தால் நொடிக்கு 5 மீட்டர் நகர்வான். அதாவது உருவத்துக்கு உருவம் 1 மீட்டர் இடைவெளி. 20 படம் எடுத்தால் 25 சென்டிமீட்டர்தான். கை மேல் கால், கால் மேல் தலை என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்; நான்கில் மூன்றைத் தூக்கித்தான் போட வேண்டும். தாவலின் உச்சக் கணம் தப்பாது என்பது வேகமான கேமராவின் லாபம்தான். ஆனால் தம்பியை இன்னும் நாலு தடவை தாவச் சொல்ல லட்ச ரூபாய் ஆகாது!

செலவு செய்வதானால் முதலில் ஆடாத டிரைபாட் வாங்குங்கள். அப்புறம் மெமரி கார்டு. அதன்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். உங்களுக்குத் தேவை எழுதும் வேகம். வி30 என்று போட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும். அது போதும்.

எடுக்கும்போது எதையும் ஆட்டோவில் விடாதீர்கள். மேனுவல் மோடில் ஷட்டர் 1/1000 நொடி, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) எல்லாப் படத்துக்கும் ஒன்றே. அவன் தாவும் இடத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு லென்ஸ் பொத்தானை எம்.எஃப்.புக்கு (மேனுவல் ஃபோகஸ்) மாற்றுங்கள். வெளிச்சம் படத்துக்குப் படம் மாறினால் ஒட்டிய இடம் பல்லிளிக்கும்.

ஒட்டுவதற்கு இலவச மென்பொருளான கிம்ப் இருக்கிறது. படங்களை லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய தாள்கள்போல) திறந்து, அடியில் இருப்பதை விட்டு மற்ற ஒவ்வொன்றுக்கும் கறுப்பு மாஸ்க் (படத்தை மறைக்கும் திரை) போட்டு, தம்பி இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளைப் பிரஷ்ஷால் தீட்டினால் உருவம் வெளியே வரும். தரையில் விழும் நிழலையும் சேர்த்துத் தீட்டுங்கள். பலர் அதை விட்டுவிட்டு, ஆள் அந்தரத்தில் ஒட்டியதுபோல் இருக்கிறதே என்பார்கள்.

சரி, வாங்கியே தீருவேன் என்றால், நொடிக்கு 20 படம் என்பது மெக்கானிக்கல் ஷட்டரிலா (திரை திறந்து மூடுவது), எலக்ட்ரானிக் ஷட்டரிலா (திரை அசையாமல் சென்சாரே பதிவது) என்று கேளுங்கள். எலக்ட்ரானிக்கில் மட்டும் என்றால், சில மாடல்களில் வேகமாகப் போகும் பலகை சாய்ந்து கோணலாகத் தெரியும். கடையிலேயே உங்கள் கார்டைப் போட்டு, ரா (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) வடிவில் பொத்தானை அழுத்திப் பிடித்து, எத்தனையாவது படத்தில் திணறுகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.