தோள்பட்டை முடிச்சில் ஊசி போட்டால் கை விழுந்துவிடுமா?

கேள்வி: வயது 43. திருப்பூரில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். சர்க்கரை உண்டு. எட்டு மாதமாக வலது தோள்பட்டையில் முடிச்சு மாதிரி வலி. காதுக்குப் பின்னால் வரை ஏறுகிறது. கழுத்தைத் திருப்பினால் சொடக்குச் சத்தம். விரல்களில் மரப்பு இல்லை. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். டாக்டர் ‘ட்ரிக்கர் பாயின்ட் ஊசி’ போடலாம் என்கிறார். இந்த ஊசியால் ஒருவருக்குக் கை விழுந்துவிட்டதாக யூடியூபில் பார்த்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: இந்த ஊசியால் கை விழுவதில்லை, அம்மா. உங்கள் பிழைப்பே அந்தக் கையில்தான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். தண்டுவடத்தை ஒட்டிப் போடும் ஊசி வேறு. இது தோள்பட்டைச் சதையில் போடுவது. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்தும் வீடியோக்களைத் தயவுசெய்து பார்க்காதீர்கள். இது புது வைத்தியமும் இல்லை. 1950களிலேயே, பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் முதுகுவலிக்கு டாக்டர் ஜேனட் டிராவல் இப்படி ஊசி போட்டிருக்கிறார்.

டாக்டர் உங்கள் தோளை விரலால் உருட்டிப் பார்ப்பார். கயிறு போல இறுகிய இழையில் ஓரிடத்தை அழுத்தும்போது, காதுக்குப் பின்னால் அதே பழைய வலி வரும். அதுதான் இடம். அங்கே மெல்லிய ஊசியால் ஒன்றிரண்டு மில்லி லிக்னோகைன் போடுவார். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு மருந்து. ஊசியை முழுக்க வெளியே எடுக்காமல் திசை மாற்றி இரண்டு மூன்று முறை குத்துவார். ஒரு நொடி சதை மீன் துள்ளுவது போலத் துள்ளும். சுரீரென்று வலிக்கும். சரியான இடத்தில் பட்டதற்கு அது நல்ல அடையாளம். முடிச்சைத் தளர்த்துவது பெரும்பாலும் அந்தக் குத்தல்தான்; மருந்து வலியைக் குறைத்துக் கொடுக்கிறது.

மருந்து பக்கத்து நரம்பில் பட்டால் ஓரிரு மணி நேரம் தோளோ கையோ மரத்திருக்கலாம். தானே சரியாகிவிடும். அதுவரை ஓவர்லாக் கத்திப் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம். அன்றைக்கு லீவு போடுங்கள். அப்புறம் ஓரிரு நாள், குடம் சுமந்த தோள் போல வலிக்கும். கழுத்துச் சொடக்கு? வலியில்லாத சத்தத்தால் ஒன்றும் ஆகாது. விட்டுவிடுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்று. அதை உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள். தோள்பட்டைச் சதைக்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. பழகிய கை, சதையை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்துத்தான் குத்தும். அப்படியும் அபூர்வமாக ஊசி நுனி நுரையீரல் உறையைத் தொட்டுவிடலாம். ஒல்லியானவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். காற்று மெல்லக் கசிவதால் உடனே தெரியாமல், வீட்டுக்கு வந்து பல மணி நேரம் கழித்துக்கூடத் தெரியும். ஊசி வலி, தோளை அழுத்தினால், அசைத்தால் வலிக்கும். நுரையீரல் உறையில் பட்ட வலியோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சிலோ முதுகிலோ குத்தும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வறட்டு இருமல் வரலாம். அப்போது ‘கேஸ்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், ‘தோளில் ஊசி போட்டார்கள்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நேரத்தில் கண்டால் சரிசெய்துவிடலாம்.

சர்க்கரை இருப்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். லிக்னோகைனால் சர்க்கரை ஏறாது. ஸ்டீராய்டு கலந்தால் சில நாள் ஏறும். இந்த வலிக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவையே இல்லை, அதனால் ‘கலக்கிறீர்களா?’ என்று கேட்பது உங்கள் உரிமை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்த எட்டு மாத மாத்திரையில்தான். சர்க்கரைக்காரர் சிறுநீரகம் ஏற்கெனவே பாரம் சுமக்கிறது. அதன்மேல் சீட்டில்லாமல் தினம் வலி மாத்திரை! இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்.

ஊசி கொடுப்பது சில வார நிம்மதி. அந்த வாரங்களில் டாக்டர் சொல்லித்தரும் கழுத்து நீட்டல் பயிற்சியைச் செய்யுங்கள். தைக்கும்போது தோள் காதை நோக்கித் தூக்கியிருந்தால், ஸ்டூல் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். உயரத்தை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை போட்டும் பலனில்லை என்றால் நான்காவது வேண்டாம். வலிக்கு வேறு காரணம் தேடச் சொல்லுங்கள்.