கணவர் பெயரில் தேடாதீர்கள்

கேள்வி: மெல்பர்ன் ஓக்லீயில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டி 1950களில், போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையை நம்பித் தனியாகக் கப்பலேறி வந்தவர். துணி மில்லில் உழைத்து வீடு வாங்கியவர். கப்பல் பெயர்கூட அவருக்கு மறந்துவிட்டது. அந்தப் பதிவைத் தேடித் தர ஆசை. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: நீங்கள் போட்டது அவருடைய கணவர் குடும்பப் பெயராக இருக்கும். கப்பலேறும்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையே! அப்பா வீட்டுப் பெயரைக் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: அப்பா யானோபுலோஸ் என்றால் மகள் யானோபுலூ. இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதே பெயரை ஒரு குமாஸ்தா 'ஜி'யில் தொடங்கியிருப்பார், இன்னொருவர் 'ஒய்'யில். பழைய கிரேக்க பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் அதிலுள்ள எழுத்துதான் முதல் துப்பு.

தளத்தில் 'ரெக்கார்ட்சர்ச்' பகுதிக்குப் போங்கள். குடியேறியோர் கோப்புகள் பலவற்றின் தலைப்பிலேயே பிறந்த தேதி, நாடு, கப்பல் பெயர், புறப்பட்ட ஆண்டு எல்லாம் இருக்கும். குடும்பப் பெயர் சிக்காவிட்டால் முதல் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துத் தேடலாம். ஆஸ்திரேலியாவும் கிரேக்கமும் செய்துகொண்ட 1952 குடியேற்ற ஒப்பந்தப்படி அரசு உதவியோடு வந்திருந்தால், குடியேற அவரைத் தேர்ந்தெடுத்தபோது போட்ட தேர்வுக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. அதில் போட்டோ, மருத்துவப் பரிசோதனை, கையெழுத்து இருக்கலாம். மாப்பிள்ளையே டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தால் பயணிகள் பட்டியல்தான் கதி. மெல்பர்ன் பட்டியலோடு நிற்காதீர்கள்; கிரேக்கத்தின் பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல்கள் பெரும்பாலும் முதலில் தொட்டது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தை. காப்பகத்தின் கே269 என்ற தொகுதியில் உள்ள அந்தத் துறைமுகப் பட்டியல்கள் பலவற்றில், மெல்பர்னுக்குப் போகிறவர்கள் பெயரும் இருக்கும்.

கோப்பு 'இன்னும் பரிசீலிக்கப்படவில்லை' என்று காட்டினால் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மாதங்கள் ஆகலாம். உடல்நிலை விவரமெல்லாம் வரும் என்பதால் விண்ணப்பிக்குமுன் பாட்டியின் சம்மதம் கட்டாயம். கோப்பை முதலில் அவரே பிரித்துப் பார்க்கட்டும்.

கிரேக்கத்தில் பாட்டியின் சொந்த ஊர் ஊராட்சியில் கேட்பதானால், ஆண்கள் பதிவேட்டில் தேடச் சொல்லி ஏமாறாதீர்கள். அதில் பெண்கள் இல்லை. அப்பாவின் குடும்பப் பதிவைக் கேளுங்கள்.

இத்தனையும் கிடைத்தாலும் காகிதம் கப்பல் துறையோடு நின்றுவிடும். மில்லும் வீடும் பாட்டியிடம்தான் இருக்கின்றன. "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டால் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும். பெட்டியில் என்ன கொண்டுவந்தார், முதல் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று கேளுங்கள். சீதனப் பேச்சு வந்தால் மட்டும் நிதானம் வேண்டும். கிரேக்கத்தில் சட்டம் அதை ஒழித்தது 1983இல்தான். சீதனம் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண்கள் பலருக்கு ஆஸ்திரேலிய மாப்பிள்ளைதான் வழியாக இருந்தார். அந்த வலி இன்னும் ஆறாமலிருக்கலாம்.

போனில் பதிவு செய்யுங்கள். பேச்சு கிரேக்கத்துக்குத் தாவினால் குறுக்கிடாமல் ஓடவிடுங்கள், பேரப்பிள்ளைகளைக் கொண்டு பிறகு எழுதிக்கொள்ளலாம்.